மஞ்சள் சிறுவனும் இரு நாளிதழ்களும்: ரிச்சர்ட் அவுட்கால்ட்டின் வாழ்வும் ‘மஞ்சள் பத்திரிகை’ என்னும் தொடரின் பிறப்பும்

ஆய்வுச் சுருக்கம்

பரபரப்பையும் அவதூறையும் விற்பனைச் சரக்காக்கும் இதழ்களைத் தமிழ் ‘மஞ்சள் பத்திரிகை’ என்று சுட்டுகிறது. இத்தொடரின் மூலம் ஆங்கிலத்தில் உள்ளது. ஆங்கிலத் தொடரின் மூலமோ 1890களில் நியூயார்க் நகர நாளிதழ்களில் மஞ்சள் அங்கியோடு தோன்றிய ஒரு கேலிச்சித்திரச் சிறுவனிடம் உள்ளது. அச்சிறுவனைப் படைத்த ஓவியர் ரிச்சர்ட் ஃபெல்டன் அவுட்கால்ட்டின் (1863–1928) வாழ்க்கையை இக்கட்டுரை வரலாற்று முறையில் எடுத்துரைக்கிறது. படைப்பாளி, பாத்திரம், நாளிதழ் ஆகிய மூன்றற்கும் இடையே எழுந்த உரிமைச் சிக்கல் அவர் வாழ்வை எவ்வாறு திசைதிருப்பியது என்பதையும், நாளிதழ்களின் குற்றம் ஒரு பாத்திரத்தின் உடைநிறத்தோடு எவ்வாறு ஒட்டிக்கொண்டது என்பதையும் விளக்குவது இதன் நோக்கமாகும்.

திறவுச்சொற்கள்: அவுட்கால்ட், மஞ்சள் சிறுவன், கேலிச்சித்திரம், நியூயார்க் வேர்ல்டு, நியூயார்க் ஜர்னல், பதிப்புரிமை, மஞ்சள் பத்திரிகை

முன்னுரை

ஒரு சொல் மொழிவிட்டு மொழி செல்லும்போது அதன் பொருள் உடன் செல்கிறது. அச்சொல் பிறந்த கதை பெரும்பாலும் பிறந்த ஊரிலேயே தங்கிவிடுகிறது. ‘மஞ்சள் பத்திரிகை’ என்னும் தொடர் இதற்குத் தக்க சான்றாகும். தமிழர் வாழ்வில் மஞ்சள் மங்கல நிறம். ‘பத்திரிகை’ என்னும் சொல் செய்தித்தாளை மட்டுமின்றித் திருமண அழைப்பையும் குறிக்கும். அவ்வழைப்பின் நான்கு மூலைகளிலும் மஞ்சள் தடவி உற்றார்க்குக் கொடுப்பது இன்றும் உள்ள வழக்கம். அவ்வாறிருக்க, மஞ்சளும் பத்திரிகையும் இணைந்த தொடர் ஏன் இழிவைக் குறிக்கலாயிற்று என்னும் வினா இயல்பாகவே எழுகிறது. இதற்கான விடை தமிழ்நாட்டில் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நியூயார்க் நகரில் நிகழ்ந்த நாளிதழ்ப் போட்டியிலும், அப்போட்டியின் நடுவே சிக்கிய ஓர் ஓவியரின் வாழ்விலும் அது அடங்கியுள்ளது.

பிறப்பும் கல்வியும்

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் உள்ள லங்காஸ்டர் என்னும் ஊரில் 1863ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் ரிச்சர்ட் பிறந்தார். அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. 1878இல் சின்சினாட்டி நகருக்குச் சென்று மெக்மிக்கன் பல்கலைக்கழகத்தின் வடிவமைப்புப் பள்ளியில் சேர்ந்து, மூன்றாண்டுகள் ஓவியம் பயின்றார். படிப்பை முடித்தபின் அவருக்கு வாய்த்த முதல் வேலை, இரும்புப் பெட்டகங்களின்மீது இயற்கைக் காட்சிகளைத் தீட்டுவதாகும். வணிகப் பொருளின்மேல் சித்திரம் வரைவதில் அவருடைய தொழில்வாழ்வு தொடங்கியது. வணிகப் பொருள்களின்மேல் அச்சிடப்படும் சித்திரங்களுக்கு உரிமை வழங்குவதில் அது பிற்காலத்தில் உச்சம் கண்டது.

1888இல் சின்சினாட்டியில் ஒஹையோ பள்ளத்தாக்கு நூற்றாண்டுக் கண்காட்சி நடைபெற்றது. அங்கே தாமஸ் எடிசனின் மின்விளக்குக் காட்சியரங்குக்காக அவுட்கால்ட் ஓவியங்கள் வரைந்தார். அப்பணி எடிசனின் நிறுவனத்தில் நிலையான வேலையைப் பெற்றுத் தந்தது. நியூஜெர்சியில் இருந்த எடிசனின் ஆய்வுக்கூடத்தில் எந்திரங்களின் வரைபடங்களையும் விளக்கப் படங்களையும் அவர் உருவாக்கினார். 1889இல் பாரிசில் நடந்த உலகக் கண்காட்சிக்கு எடிசன் நிறுவனத்தின் ஓவியராக அனுப்பப்பட்டார். அந்நகரில் தங்கிய காலத்தில் ஓவியக் கல்வியையும் தொடர்ந்தார்.

நாடு திரும்பியபின் 1890ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் மேரி ஜேன் மார்ட்டினை மணந்துகொண்டு, நியூயார்க் நகரை அடுத்த ஃபிளஷிங்கில் குடியேறினார். மின்பொறியியல், தெருத்தண்டவாளப் போக்குவரத்து ஆகியவை தொடர்பான தொழில் இதழ்களுக்கு நுணுக்கமான வரைபடங்களை வரைவது அவருடைய பிழைப்பாக இருந்தது. ஓய்வு நேரத்தில் ‘ட்ரூத்’, ‘ஜட்ஜ்’, ‘லைஃப்’ முதலிய நகைச்சுவை இதழ்களுக்குக் கேலிச்சித்திரங்கள் அனுப்பிவந்தார். எந்திரத்தின் ஒவ்வோர் உறுப்பையும் பிழையின்றி வரையப் பழகிய கை, நெரிசலான தெருவின் ஒவ்வொரு மூலையையும் அதே கவனத்தோடு வரைந்தது. அவருடைய சித்திரங்களில் பக்கம் நிறைய மனிதர்களும் விலங்குகளும் பலகைகளும் கொடிக்கயிறுகளும் நிரம்பியிருந்தமைக்கு இப்பயிற்சியும் ஒரு காரணம் எனலாம்.

ஹோகன் சந்தும் மொட்டைத் தலைச் சிறுவனும்

அக்கால நியூயார்க்கின் கீழ்க்கிழக்குப் பகுதியில் ஐரோப்பாவிலிருந்து குடிபெயர்ந்த ஏழை மக்கள் அடுக்குமாடி நெரிசல் குடியிருப்புகளில் வாழ்ந்தனர். காற்றும் வெளிச்சமும் புகாத அறைகள், தொற்றுநோய், குழந்தை உழைப்பு ஆகியவற்றை ஜேக்கப் ரீஸ் என்னும் இதழாளர் 1890இல் வெளியிட்ட தம் நூலில் நிழற்படச் சான்றுகளோடு வெளிப்படுத்தியிருந்தார். அதே தெருக்களை அவுட்கால்ட் நகைச்சுவைக் கண்ணோடு நோக்கினார். சேரிக் குழந்தைகளைக் கேலிச்சித்திரத்தில் வரையும் மரபு அவருக்கு முன்னரே இருந்தது. மைக்கேல் ஏஞ்சலோ உல்ஃப் என்னும் ஓவியர் அத்துறையில் பெயர் பெற்றிருந்தார். அம்மரபைப் பின்பற்றிய அவுட்கால்ட்டின் சித்திரங்களுள் ஒன்றில், 1894ஆம் ஆண்டு ஜூன் மாத ‘ட்ரூத்’ இதழில், மொட்டைத் தலையும் நீண்ட அங்கியும் கொண்ட சிறுவன் ஒருவன் கூட்டத்தில் ஒருவனாக நின்றான். பின்னாளில் மிக்கி டூகன் என்று பெயர் பெற்றவன் இவனே.

இச்சிறுவனின் தோற்றத்தில் உள்ள ஒவ்வொரு கூறும் வறுமையின் அடையாளமாகும். நெரிசல் குடியிருப்புகளில் பேன்தொல்லை மிகுதி. ஆதலின் அங்குள்ள பிள்ளைகளின் தலை மழிக்கப்படுவது வழக்கம். அவன் அணிந்திருந்த அங்கி அவன் அளவுக்குத் தைக்கப்பட்டதன்று. மூத்தவர் உடுத்திக் கழித்த இரவு உடை. பெரிய காதுகளும் பல் விழுந்த சிரிப்பும் பார்ப்போரை நகைக்கச் செய்தன. ஆயினும் அச்சிரிப்பில் தாழ்வுணர்ச்சி தென்படவில்லை.

‘நியூயார்க் வேர்ல்டு’ நாளிதழ் அவுட்கால்ட்டின் சித்திரங்களை 1894ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து தன் ஞாயிறு வண்ண இணைப்பில் வெளியிடத் தொடங்கியது. மொட்டைத் தலைச் சிறுவன் 1895 பிப்ரவரியில் அவ்விதழில் இடம்பெற்றான். அதே ஆண்டு மே மாதம் ‘ஹோகன் சந்து’ என்னும் பெயரோடு வண்ணப்படம் வெளியாயிற்று. அப்போது அவன் அங்கியின் நிறம் நீலம். 1896 ஜனவரியில் தான் அது மஞ்சளாயிற்று. மஞ்சள் மையைச் சோதிக்க விரும்பிய அச்சுக்கூடத்தார் தற்செயலாக அவ்வங்கியைத் தேர்ந்தெடுத்தனர் என்னும் கதை பரவலாக வழங்குகிறது. ஆனால் அதற்கு முன்னரே அவ்விதழின் வண்ணப் பக்கங்களில் மஞ்சள் நிறம் பயன்பட்டுவந்ததால் இக்கதையை வரலாற்றாய்வாளர்கள் ஏற்பதில்லை.

ஹோகன் சந்தின் பிள்ளைகள் செல்வர்களின் பொழுதுபோக்குகளைத் தம் சந்துக்குள் நடித்துக் காட்டினர். சர்க்கஸ், கோல்ஃப் ஆட்டம், நாய்க் கண்காட்சி என்று மேட்டுக்குடியினர் பெருமையாகக் கருதிய யாவும் குப்பைத் தொட்டிகளுக்கும் உலரும் துணிகளுக்கும் நடுவே அரங்கேறின. சிரிப்பு ஏழைகளை நோக்கியதா, ஏழைகள் நடித்துக்காட்டிய செல்வர்களை நோக்கியதா என்பது பார்ப்பவரைப் பொறுத்தது. மிக்கி டூகன் வாய் திறந்து பேசுவதில்லை. அவன் சொல்ல வேண்டியது அவன் அங்கியின்மீது சேரிக் கொச்சையில் எழுதப்பட்டிருக்கும். உடையே பேச்சாக அமைந்த இவ்வுத்தி வாசகரை வெகுவாகக் கவர்ந்தது. சில திங்கள்களுக்குள் மக்கள் அவனை ‘மஞ்சள் சிறுவன்’ என்றே அழைக்கலாயினர்.

புலிட்சரும் ஹர்ஸ்டும்

‘வேர்ல்டு’ நாளிதழின் உரிமையாளர் ஜோசப் புலிட்சர் ஹங்கேரியிலிருந்து குடியேறியவர். 1883இல் ஜே கூல்டு என்னும் பெருஞ்செல்வரிடமிருந்து 3,46,000 டாலர் விலைக்கு அவ்விதழை வாங்கினார். எளிய மொழி, பெரிய தலைப்புகள், படங்கள், ஊழல் எதிர்ப்பு ஆகியவற்றால் ஆங்கிலம் சரிவரக் கல்லாத குடியேறிகளையும் அவர் வாசகராக்கினார். 1893இல் அவருடைய ஞாயிறு இதழ் வண்ண இணைப்பைத் தொடங்கியதும் இந்நோக்கத்தின் தொடர்ச்சியே. எழுத்தை முழுதும் படிக்க இயலாதவரும் படத்தைப் பார்த்துச் சிரிக்க இயலும் என்பதைப் புலிட்சரின் ஞாயிறு ஆசிரியர் மோரில் கோடார்ட் நன்கு அறிந்திருந்தார்.

1895இல் வில்லியம் ரண்டால்ஃப் ஹர்ஸ்ட் நியூயார்க்குக்கு வந்தார். சுரங்க அதிபரின் மகனான அவர் சான்ஃபிரான்சிஸ்கோவில் நாளிதழ் நடத்திப் பழகியவர். புலிட்சரின் முறைகளைக் கூர்ந்து கற்றவர். ‘ஜர்னல்’ என்னும் நலிந்த நாளிதழை விலைக்கு வாங்கி, ஒரு சென்ட் விலையில் விற்றார். இரண்டு சென்ட்டுக்கு விற்ற ‘வேர்ல்டு’ 1896 பிப்ரவரியில் தானும் ஒரு சென்ட்டுக்கு இறங்க நேர்ந்தது. இதற்கிடையே ஹர்ஸ்ட் மிகுந்த ஊதியம் தந்து கோடார்டையும் ஞாயிறு இதழ்ப் பணியாளர்களையும் தம் பக்கம் ஈர்த்துக்கொண்டார். புலிட்சரின் செய்தியகம் ஏறத்தாழ ஒரே வீச்சில் போட்டியாளரிடம் சென்றுவிட்டது.

அதே 1896ஆம் ஆண்டு அக்டோபரில் அவுட்கால்ட்டும் ‘ஜர்னல்’ நாளிதழுக்கு மாறினார். அக்டோபர் 18ஆம் நாள் அவ்விதழ் தொடங்கிய வண்ண நகைச்சுவை இணைப்பில் மஞ்சள் சிறுவன் புதிய இருப்பிடத்தில் தோன்றினான். ‘ஹோகன் சந்து’ என்னும் தலைப்பு ‘வேர்ல்டு’ நாளிதழுக்கு உரியதாகையால் அதனை உடன்கொண்டு செல்ல இயலவில்லை. சந்திலிருந்த பிள்ளைகள் ‘மெக்ஃபேடன் குடியிருப்பு வரிசை’ என்னும் புதிய முகவரிக்குக் குடிபெயர்ந்தனர். அப்படங்களுக்கு எட்வர்ட் டவுன்சென்ட் என்னும் எழுத்தாளர் உரைநடைப் பகுதிகளை எழுதினார்.

ஒரு சிறுவன், இரு உருவங்கள்

புலிட்சர் சந்தை வெறுமையாக விடவில்லை. ஜார்ஜ் லக்ஸ் என்னும் இளம் ஓவியரைக் கொண்டு ‘ஹோகன் சந்து’ தொடரையும் மஞ்சள் சிறுவனையும் தொடர்ந்து வரையச் செய்தார். இதனால் ஒரே நகரில், ஒரே ஞாயிற்றுக்கிழமையில், ஒரே சிறுவன் இரு நாளிதழ்களில் தோன்றினான். இரு நாளிதழ்களும் அவன் உருவத்தைச் சுவரொட்டிகளில் அச்சிட்டு நகரெங்கும் ஒட்டின. வாசகர் எங்கு நோக்கினும் மஞ்சள் அங்கி தென்பட்டது.

இந்நிலையை அவுட்கால்ட் முன்னரே ஓரளவு உணர்ந்திருந்தார் என்று கருத இடமுண்டு. நாளிதழ் மாறுவதற்கு முந்தைய மாதமான செப்டம்பரில் மஞ்சள் சிறுவனுக்குத் தம் பெயரில் பதிப்புரிமை வேண்டி அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்கு விண்ணப்பித்தார். பாத்திரத்தின் உருவத்தின்மீது முழு உரிமை அவருக்குக் கிடைக்கவில்லை. அக்காலச் சட்டம் அச்சிட்ட படத்தையும் தலைப்பையும் அறிந்திருந்தது. படத்திலிருந்து படத்துக்கு நடந்து செல்லும் ஒரு பாத்திரத்தை உடைமையாகக் காண அது இன்னும் பழகவில்லை. இதனால் இரு நாளிதழ்களும் தடையின்றி அவனை வரைந்தன. பொத்தான், சுருட்டு, பிஸ்கட், விசிறி, பொம்மை எனப் பல்வேறு பொருள்களின்மீது அவன் உருவம் அச்சிடப்பட்டது. மேடை நிகழ்ச்சிகளிலும் அவன் தோன்றினான். அவற்றுள் பெரும்பாலானவற்றால் படைத்தவருக்குப் பயனில்லை.

இக்காலத்தில் வெளிவந்த ஒரு சித்திரம் தனித்துக் குறிப்பிடத்தக்கது. 1896 அக்டோபர் 25ஆம் நாள் ‘ஜர்னல்’ வெளியிட்ட அப்படத்தில் மஞ்சள் சிறுவன் ஓர் ஒலிப்பதிவுக் கருவியோடு தோன்றுகிறான். ஐந்து காட்சிகள் வரிசையாக அமைந்துள்ளன. பேச்சு குமிழிகளுக்குள் எழுதப்பட்டுள்ளது. சிறுவனையும் நாளிதழின் வண்ண இணைப்பையும் கருவி வாயாரப் புகழ்கிறது. இறுதியில் அக்கருவிக்குள்ளிருந்து ஒரு கிளி வெளிவர, பேசியது எந்திரமன்று என்பது தெரியவருகிறது. காட்சித் தொடரும் பேச்சுக்குமிழியும் இதற்கு முன்னரே தனித்தனியாக வழக்கில் இருந்தவை. எனினும் இரண்டையும் ஒருங்கிணைத்துக் கதையை நகர்த்திய முறையால் இப்படம் சித்திரக்கதை வரலாற்றில் நிலையான இடம் பெற்றது. எடிசனின் கூடத்தில் பணியாற்றிய ஓவியர், எடிசனின் பெயரோடு பிணைந்த கருவியையே கேலிக்குரியதாக்கியதும் நோக்கத்தக்கது. குரல் எங்கிருந்து வருகிறதோ அங்கு அதன் உடையவர் இல்லை என்னும் இந்நகைச்சுவை, இரு நாளிதழ்களில் இருவேறு கைகளால் வரையப்பட்டுவந்த அச்சிறுவனுக்கே பொருந்துவதாகும்.

நிறம் வசையாதல்

1896–97 காலத்தில் ‘வேர்ல்டு’, ‘ஜர்னல்’ ஆகிய இரண்டும் விற்பனைக்காகக் கொலை, ஒழுக்கக்கேடு, போலி அறிவியல் முதலியவற்றைப் பெருந்தலைப்புகளில் வெளியிட்டன. கூபாவில் ஸ்பெயின் ஆட்சிக்கு எதிராக நடந்த கிளர்ச்சி பற்றிய மிகைச் செய்திகளும் அவற்றில் நிறைந்தன. இப்போக்கை வெறுத்த பிற இதழ்கள் அதற்கு ஒரு பெயரைத் தேடின. ‘நியூயார்க் பிரஸ்’ இதழின் ஆசிரியர் எர்வின் வார்ட்மன் மஞ்சள் சிறுவனைக் கொண்டு இப்போட்டியைச் சுட்டினார். 1897 ஜனவரி இறுதியில் அவ்விதழில் ‘மஞ்சள் இதழியல்’ என்னும் ஆங்கிலத் தொடர் அச்சேறியது. சிறுவன் உதிர்ந்து நிறம் மட்டும் எஞ்சிய இச்சுருக்கத் தொடர் விரைவில் நாடெங்கும் பரவியது. அதே ஆண்டில் பொது நூலகங்கள் சிலவும் மன்றங்கள் சிலவும் இவ்விரு நாளிதழ்களையும் தம் படிப்பறைகளிலிருந்து விலக்கின.

தொடர் பரவிய வேகத்திலேயே சிறுவன் மறையத் தொடங்கினான். லக்ஸ் வரைந்த தொடர் 1897 இறுதியில் முடிந்தது. அவுட்கால்ட்டின் தொடர் 1898 ஜனவரியில் நின்றது. அதன்பின் அவன் எப்போதேனும் ஒருமுறை தலைகாட்டினானே தவிர, தொடராக வரவில்லை. 1898 பிப்ரவரி 15ஆம் நாள் ஹவானா துறைமுகத்தில் ‘மெய்ன்’ என்னும் அமெரிக்கப் போர்க்கப்பல் வெடித்து 260க்கும் மேற்பட்டோர் இறந்தனர். போதிய சான்றின்றி ஸ்பெயினைக் குற்றவாளியாக்கும் வகையில் ‘ஜர்னல்’ முழங்கியது. ஏப்ரலில் போர் மூண்டது. போருக்கு நாளிதழ்களே காரணம் என்னும் பழைய முடிவை இன்றைய வரலாற்றாய்வாளர்கள் பெரிதும் ஏற்பதில்லை. ஆயினும் மஞ்சள் இதழியலின் மிகப் பெரிய குற்றமாகப் பொதுமக்கள் நினைவில் பதிந்திருப்பது இந்நிகழ்ச்சியே. அது நிகழ்ந்தபோது அந்நிறத்துக்குரிய சிறுவனின் தொடர் இரு நாளிதழ்களிலும் நின்றுபோயிருந்தது. அவன் அங்கியின் நிறம் மட்டும் அவன் செய்யாத செயலுக்குப் பெயராகி நிலைத்தது.

இவ்விடத்தில் மற்றொரு நிகழ்ச்சியையும் இணைத்துக் காண்பது பொருந்தும். போர்க்காலத்தில் விற்பனை பெருகியபோது நாளிதழ்கள் தெருவில் விற்கும் சிறுவர்களுக்கு நூறு பிரதிகளின் விலையை 50 சென்ட்டிலிருந்து 60 சென்ட்டாக உயர்த்தின. போர் முடிந்து விற்பனை தணிந்ததும் பிற இதழ்கள் விலையைக் குறைத்தன. ‘வேர்ல்டு’, ‘ஜர்னல்’ ஆகிய இரண்டும் குறைக்கவில்லை. 1899 ஜூலையில் நாளிதழ் விற்கும் சிறுவர்கள் இவ்விரண்டுக்கும் எதிராக ஏறத்தாழ இரு வாரம் வேலைநிறுத்தம் செய்தனர். விலை குறையவில்லை, ஆனால் விற்காத பிரதிகளைத் திரும்பப் பெற்றுக்கொள்ள நாளிதழ்கள் இசைந்தன. தாளில் அச்சிட்ட சேரிச் சிறுவனைக் காட்டி வாசகரைச் சேர்த்த நாளிதழ்களை எதிர்த்து, அத்தாளைச் சுமந்து விற்ற தெருச் சிறுவர்கள் எழுந்த இந்நிகழ்ச்சி, ஹோகன் சந்தின் நகைச்சுவைக்குப் பின்னிருந்த வாழ்க்கையை நினைவூட்டுகிறது.

பஸ்டர் பிரவுன்: பட்டறிவின் பயன்

மஞ்சள் சிறுவனை இழந்தபின் அவுட்கால்ட் சில ஆண்டுகள் நிலையான வெற்றியின்றிப் பல தொடர்களை வரைந்தார். ஆப்பிரிக்க அமெரிக்கச் சிறுவன் ஒருவனை முதன்மைப் பாத்திரமாக்கிய தொடரும் அவற்றுள் ஒன்று. அக்காலத்து இனவெறுப்பு வார்ப்புகளிலிருந்து அத்தொடர் விடுபடவில்லை என்பதை இங்குச் சுட்ட வேண்டும்.

1902 மே 4ஆம் நாள் ‘நியூயார்க் ஹெரால்டு’ நாளிதழில் பஸ்டர் பிரவுன் என்னும் புதிய சிறுவன் அறிமுகமானான். மிக்கி டூகனுக்கு நேர் எதிரானவன் இவன். செல்வக் குடும்பத்தில் பிறந்தவன். சீராக வெட்டிய பொன்னிறக் கூந்தலும் தூய உடையும் உடையவன். குறும்பில் மட்டும் சேரிச் சிறுவனுக்குச் சற்றும் குறையாதவன். டைக் என்னும் நாய் அவனுக்குத் துணை. ஒவ்வொரு படத்தின் முடிவிலும் குறும்புக்குத் தண்டனை பெற்ற பஸ்டர் ஓர் உறுதிமொழியை எழுதி வைப்பான். அடுத்த வாரம் அது காற்றில் பறக்கும். நடுத்தரக் குடும்பத்துப் பெற்றோர் அஞ்சாமல் தம் பிள்ளைகளுக்குக் காட்டத்தக்க பாத்திரமாக அவன் அமைந்தான். சேரியிலிருந்து மாளிகைக்குச் சென்ற இம்மாற்றம் ஓவியரின் சுவை மாற்றத்தை மட்டும் காட்டுவதன்று. நாளிதழ் வாங்கும் குடும்பத்தின் மதிப்புணர்வை அவர் அறிந்துகொண்டதையும் காட்டுகிறது.

1904இல் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த உலகக் கண்காட்சியில் அவுட்கால்ட் தம் பாத்திரத்தின் உருவத்தைப் பயன்படுத்தும் உரிமையைப் பல்வேறு உற்பத்தியாளர்களுக்கு விற்றார். அந்நகரைச் சார்ந்த பிரவுன் காலணி நிறுவனம் அவர்களுள் முதன்மையானது. பஸ்டரும் டைக்கும் குழந்தைகளின் காலணிக்குச் சின்னமாகிப் பல தலைமுறைகள் நீடித்தனர். தொடரில் வரும் மேரி ஜேன் என்னும் சிறுமியின் பெயர், வார் வைத்த ஒருவகைக் காலணிக்குப் பொதுப்பெயராக இன்றும் வழங்குகிறது. ஓவியரின் மனைவியும் அப்பெயரே உடையவர். மஞ்சள் சிறுவனின் உருவம் பிறரால் விற்கப்பட்டதைக் கண்டு நின்றவர், இரண்டாம் முறை தாமே விற்பவரானார்.

நாளிதழோடு உரிமைப் பூசல் இம்முறையும் நேர்ந்தது. 1906 தொடக்கத்தில் அவுட்கால்ட் மீண்டும் ஹர்ஸ்டின் நாளிதழுக்குச் சென்றார். ‘ஹெரால்டு’ வேறு ஓவியர்களைக் கொண்டு பஸ்டரைத் தொடர்ந்தது. வழக்கு நீதிமன்றத்தை அடைந்தது. ‘பஸ்டர் பிரவுன்’ என்னும் தலைப்பு ‘ஹெரால்டு’ நாளிதழின் வணிகக்குறி என்று நீதிமன்றம் கொண்டது. அத்தலைப்பைச் சூட்டாமல் அப்பாத்திரங்களைப் புதிய காட்சிகளில் வரைந்து வெளியிட அவுட்கால்ட்டுக்கும் ஹர்ஸ்டுக்கும் தடையில்லாமற் போயிற்று. இதன்பின் ஒரு நாளிதழில் பெயரோடும், மற்றொன்றில் பெயரின்றியும் பஸ்டர் தோன்றினான். பெயர் நாளிதழுக்கும் உருவம் படைத்தவருக்கும் எனப் பிரிந்த இத்தீர்வு, பத்தாண்டுக்கு முன்னர் அவர் பெற்றதைவிட மேலானது, எனினும் முழுமையானதன்று.

இறுதிக்காலம்

சிகாகோ நகரில் தம் பெயரால் விளம்பர நிறுவனம் ஒன்றை நிறுவி, பஸ்டர் முதலிய பாத்திரங்களின் விளம்பர உரிமைகளை அவுட்கால்ட் நிர்வகித்தார். அவருடைய மகனும் அத்தொழிலில் ஈடுபட்டார். தொடர் 1921 வரை வெளிவந்தது. நாளிதழ்ப் பணியிலிருந்து விலகியபின் தம் கடைசி ஆண்டுகளில் வண்ண ஓவியங்கள் தீட்டுவதில் காலம் கழித்தார். 1928ஆம் ஆண்டு செப்டம்பர் 25ஆம் நாள் ஃபிளஷிங்கில் தம் 65ஆம் வயதில் காலமானார்.

அவரோடு தொடர்புடைய பிறருடைய வாழ்வும் எதிர்பாரா வழிகளில் சென்றது. மஞ்சள் சிறுவனை மாற்றாக வரைந்த ஜார்ஜ் லக்ஸ் நாளிதழை விட்டு நீங்கி, நகரத்து ஏழைகளின் வாழ்வைத் தீட்டிய புகழ்பெற்ற ஓவியர் குழுவில் ஒருவரானார். கேலிக்காக வரைந்த தெருக்குழந்தைகள் அவருடைய ஓவியத்தில் கனிவோடு இடம்பெற்றனர். புலிட்சர் தம் செல்வத்தின் ஒரு பகுதியைக் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இதழியல் பள்ளி அமைக்கவும் பரிசுகள் வழங்கவும் விட்டுச்சென்றார். சிறந்த இதழியலுக்கான உயர்ந்த பரிசு ஒன்று, மஞ்சள் இதழியலின் தோற்றத்தில் பங்குகொண்டவரின் பெயரையே தாங்கி நிற்கிறது. அவருடைய பெயர் பரிசாக, சிறுவனின் நிறம் வசையாக எஞ்சியது.

தமிழில் மஞ்சள்

ஆங்கிலத் தொடர் தமிழுக்கு வந்தபோது இருவகையாக வழங்கலாயிற்று. இதழியல் பாடநூல்கள் ‘மஞ்சள் இதழியல்’ என்று மூலத்துக்கு நெருக்கமாக மொழிபெயர்க்கின்றன. பொதுவழக்கோ ‘மஞ்சள் பத்திரிகை’ என்கிறது. இவ்விரண்டாம் தொடரின் பொருள் மூலத்திலிருந்து சற்று விலகியுள்ளது. நியூயார்க்கில் அது பெருவிற்பனை கொண்ட முதன்மை நாளிதழ்களைச் சுட்டியது. தமிழில் அது தனிமனிதரின் அந்தரங்கத்தை எழுதி அச்சுறுத்தும் சிற்றிதழ்களையும் ஆபாச இதழ்களையும் சுட்டுகிறது. 1944இல் அதன் ஆசிரியர் இலட்சுமிகாந்தன் கொல்லப்பட்டதால் திரையுலகையே உலுக்கிய வழக்கோடு தொடர்புபட்ட ‘இந்துநேசன்’ இதழைப் பற்றி எழுதுவோர் இத்தொடரைத் தவறாமல் ஆள்வர். முதன்மை நாளிதழ்களின் போக்கைக் கண்டித்த சொல், தமிழில் விளிம்புநிலை இதழ்களின் பெயராகச் சுருங்கியதால், பெருநாளிதழ்களின் மிகைக்குத் தனிப்பெயர் இல்லாமற் போயிற்று என்பது சிந்திக்கத்தக்கது.

கடன் தீர்க்க இயலாதவர் நொடிப்பு அறிவிக்கும் செயலை ‘மஞ்சள் கடுதாசி கொடுத்தல்’ என்னும் வழக்கும் தமிழில் உண்டு. மங்கல நிறம் தாளோடு சேர்கையில் மங்கலத்தையும் அமங்கலத்தையும் ஒருங்கே குறிக்க வல்லதாக இருந்தமையால், அயல்மொழியிலிருந்து வந்த தொடர் தமிழில் எளிதில் ஒட்டிக்கொண்டது எனக் கருதலாம்.

முடிவுரை

அவுட்கால்ட்டின் வாழ்க்கையிலிருந்து மூன்று செய்திகள் பெறப்படுகின்றன. முதலாவது, கேலிச்சித்திரப் பாத்திரம் நாளிதழின் ஓரத்தில் இடம்பெறும் அணியன்று. விற்பனைக்காக இரு முதலாளிகள் போட்டியிட்ட மூலதனமாக அது இருந்தது. இரண்டாவது, பாத்திரத்தின் உடைமை பற்றிய சட்டத் தெளிவின்மையால் முதற் படைப்பை இழந்தவர், அவ்விழப்பைப் பாடமாக்கி இரண்டாம் படைப்பைத் தொழிலாக்கிக்கொண்டார். இருப்பினும் இரு முறையும் தலைப்பு நாளிதழின் வசமே நின்றது. மூன்றாவது, வறுமையின் அடையாளங்களைச் சுமந்து செல்வரைப் பார்த்துச் சிரித்த ஒரு சேரிச் சிறுவனின் உடைநிறம், அவனை வைத்துப் பொருளீட்டியோரின் குற்றத்துக்குப் பெயராயிற்று. ‘மஞ்சள் பத்திரிகை’ என்னும் தொடரைத் தமிழில் ஆளும்போது சுட்டப்படும் குற்றம் நாளிதழ்களுடையது. நிறம் மட்டுமே மிக்கி டூகனுடையது.